தீவில் கரை முகாம் அமைப்பது எப்படி: கடலடி அகழாய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கடலடி அகழாய்வில் சேர விரும்பி வரும் இளைஞர்கள் பெரும்பாலும் முக்குளிப்புப் பயிற்சியை முடித்து, சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். வேலை முழுவதும் நீருக்கடியில் நடக்கும் என்பது அவர்கள் மனத்தில் இருக்கும் படம். உண்மையில், ஒருவர் ஒரு நாளில் நீருக்கடியில் இருப்பது இரண்டு மூன்று மணி நேரந்தான். அவர் சுவாசிக்கும் காற்று கரையில் நிரப்பப்படுகிறது; அவர் எடுத்துவரும் பொருள் கரையில் உயிர் பிழைக்கிறது அல்லது கரையில் அழிகிறது; அவருக்கு உடல்நலம் குன்றினால் முதல் சிகிச்சையும் கரையில்தான் நடக்கிறது. ஆகவே, பக்கத்தில் ஊரோ கடையோ மருத்துவமனையோ இல்லாத ஒரு தீவில் கரை முகாம் அமைக்கும் பொறுப்பு முதன்முறையாக உங்களிடம் வந்து சேர்ந்தால் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

வழிமுறைக்குள் போகுமுன் ஓர் அடிப்படை விதியைச் சொல்லிவிடுகிறேன். கரையில் எத்தனை தொட்டிகள் தயாராக இருக்கின்றனவோ, அத்தனை தொட்டிகள் கொள்ளும் அளவுக்கு மட்டுமே கடலிலிருந்து பொருள்களை எடுக்க வேண்டும். கீழே கிடக்கும் பொருள் எவ்வளவு அரியதாக இருந்தாலும், அதை வைக்கக் கரையில் இடமில்லாத நாளில் அது மணலுக்குள் இருப்பதே அதற்கு நல்லது. 2001ஆம் ஆண்டின் யுனெஸ்கோ நீரடிப் பண்பாட்டு மரபு உடன்படிக்கையும், இருந்த இடத்திலேயே பாதுகாப்பதைத்தான் முதலில் கருத வேண்டிய வழியாக வைக்கிறது.

வெறும் பொதுச் சொற்களாக எழுதினால் மனத்தில் நிற்காது என்பதால், ஓர் உண்மையான இடத்தை எடுத்துக்கொள்கிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜெரால்டன் நகரத்திற்கு மேற்கே, கரையிலிருந்து 60 முதல் 80 கிலோமீட்டர் தொலைவில் ஹௌட்மன் அப்ரோலோஸ் என்னும் 122 தீவுகள் பரந்து கிடக்கின்றன. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாவியா என்ற கப்பல் 1629 ஜூன் 4 அன்று அங்கே வாலபி தீவுக்கூட்டத்தின் மார்னிங் ரீஃப் என்னும் பவளப்பாறையில் மோதி உடைந்தது. ஏறத்தாழ 40 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். கரையேறியவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரை, அதே கப்பலில் வந்த யெரோனிமுஸ் கோர்னெலிஸ் என்பவனின் கூட்டம் அடுத்த சில மாதங்களில் கொன்றது. 1963இல் கப்பலின் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. 1972 முதல் 1976 வரை ஜெரமி கிரீன் தலைமையில் மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் அதை அகழ்ந்தது. சிதைவுக்கு மிக அருகில் இருக்கும் நிலம் பீக்கன் தீவு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சில நிமிடங்களில் நடந்துவிடக்கூடிய, மரமில்லாத, பவளச் சரளையால் ஆன தீவு அது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் இந்தத் தீவில் முகாம் போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: தரையைப் பார்ப்பது

முகாமுக்கான இடத்தை வரைபடத்தில் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அகழாய்வு தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே இரண்டு மூன்று பேர் சென்று, ஓர் இரவாவது அங்கே தங்கிப் பார்க்க வேண்டும். காலையில் அமைதியாக இருக்கும் படகுத்துறை, பிற்பகலில் காற்று எழுந்ததும் நெருங்க முடியாததாகிவிடலாம். அப்ரோலோஸில் கோடைக்காலத் தென்காற்று அப்படிப்பட்டது. வற்றத்தின்போது படகு எவ்வளவு தூரம் உள்ளே வர முடிகிறது, அங்கிருந்து நூறு கிலோ எடையுள்ள ஒரு பெட்டியை எத்தனை பேர் எவ்வளவு தூரம் நீருக்குள் நடந்து தூக்க வேண்டும் என்பதை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். முக்குளிப்பவர்களின் சிலிண்டர்களில் காற்றை அழுத்தி நிரப்பும் கம்ப்ரசரை இறக்கும் நாளில் இதைவிடப் பெரிய கேள்வி வேறு எதுவும் இருக்காது.

அடுத்து, அந்தத் தரையே ஒரு தொல்லியல் களமாக இருக்கக்கூடும் என்பதை மறந்துவிடாதீர்கள். கப்பல் உடைந்தால் மனிதர்கள் பக்கத்திலிருக்கும் நிலத்துக்குத்தான் வந்து சேர்வார்கள். நீங்களும் அதே காரணத்தால் அதே நிலத்தைத்தான் முகாமுக்குத் தேடுகிறீர்கள். பீக்கன் தீவில் 1960இல் மீனவர் ஒருவர் மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடு வெளிப்பட்டது. அதன் பிறகும் பல புதைகுழிகள் அங்கே கண்டறியப்பட்டுள்ளன. 2010களில் நடந்த ஆய்வுகளும் புதிய புதைகுழிகளைக் கொண்டுவந்தன. ஆகவே கூடாரத்தின் முளையை அடிப்பதற்கு முன்பும், கழிப்பறைக்குக் குழி தோண்டுவதற்கு முன்பும் நில அளவையும், தேவைப்பட்டால் நிலத்தொல்லியலாளரின் நேரடிப் பார்வையும் கட்டாயம். என் கருத்தில், இப்படிப்பட்ட தீவுகளில் குழியே தோண்டாமல் முகாம் போடுவதுதான் சரி: கூடாரங்களை மணல் மூட்டைகளால் நிறுத்துங்கள், கழிவைக் கலன்களில் சேர்த்து மறுகரைக்கு அனுப்புங்கள்.

பறவைகளையும் பார்க்க வேண்டும். அப்ரோலோஸ் தீவுகளில் பல இடங்களில் கடற்பறவைகள் மண்ணுக்குள் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கின்றன. மேலே பார்த்தால் வெறும் மணலாகத்தான் தெரியும்; கால் வைத்தால் வளை இடிந்துவிடும். நடைபாதையை முதல் நாளே கயிறு கட்டி வரையறுத்துவிடுங்கள்.

அனுமதிகளை இங்கே விரித்து எழுதவில்லை. எந்த நாடாக இருந்தாலும் தொல்லியல் சட்டம், தீவின் நில உரிமை, வனவிலங்குத் துறை, துறைமுக அலுவலகம் என்று நான்கு வாசல்களையாவது தட்ட வேண்டியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆஸ்திரேலியாவில் இப்போது 2018ஆம் ஆண்டின் நீரடிப் பண்பாட்டு மரபுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

இரண்டாம் படி: நன்னீர்

1629இல் பீக்கன் தீவில் கரையேறியவர்களுக்கு முதல் எதிரி தாகந்தான். அந்தத் தீவில் ஊற்று கிடையாது. வீபெ ஹேய்ஸ் என்ற படைவீரரையும் அவருடன் சிலரையும் மேற்கு வாலபி தீவுக்கு அனுப்பியபோது, அங்கே அவர்களுக்கு நீர் கிடைத்தது. அந்த நீர் இருந்ததால்தான் அவர்களால் கோர்னெலிஸின் கூட்டத்தை எதிர்த்து நிற்க முடிந்தது. நான்கு நூற்றாண்டு கழித்து அதே தீவில் முகாம் போடுபவருக்கும் தண்ணீர்க் கணக்குத்தான் முதற்கணக்கு.

இங்கே தண்ணீருக்கு மூன்று வேலைகள் உண்டு: மனிதர்களுக்கு, கருவிகளைக் கழுவுவதற்கு, பொருள்களைப் பாதுகாப்பதற்கு. பேரிடர் உதவிப் பணிகளில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்பது குறைந்தபட்ச அளவாக ஏற்கப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு பேர் கொண்ட முகாமுக்கு அந்தக் கணக்கின்படி நாளொன்றுக்கு 180 லிட்டர், பத்து நாளுக்கு 1,800 லிட்டர். இது மனிதர்களுக்கு மட்டும். ரெகுலேட்டர் (சிலிண்டரிலிருந்து சுவாசிக்க உதவும் கருவி), வால்வு, கேமரா ஆகியவற்றை உப்புப் போக அலச ஒரு தனித் தொட்டி வேண்டும். பொருள்களை ஊறவைக்கும் தொட்டிகளில் நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், புதியவர்கள் குறைத்து மதிப்பிடுவது மூன்றாவது கணக்கைத்தான். கடல்நீரை நன்னீராக்கும் கருவி ஒன்றைக் கொண்டுபோவது நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் நான்கு நாள் தாங்கும் அளவுக்குப் பீப்பாய்களில் நீர் இருந்தாக வேண்டும். குடிநீர்ப் பீப்பாயையும் தொட்டி நீர்ப் பீப்பாயையும் நிறத்தால் வேறுபடுத்துங்கள். எழுத்தால் மட்டும் வேறுபடுத்தினால் இருட்டில் தவறு நடக்கும்.

மூன்றாம் படி: மின்சாரமும் காற்றும்

ஜெனரேட்டர், எரிபொருள், கம்ப்ரசர் மூன்றையும் ஒரே கொட்டகையில் வைத்தால் வசதி என்று தோன்றும். அப்படி வைக்கக் கூடாது. எரிபொருள் தனியே, காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்புறத்தில், நிழலில், கசிந்தால் மண்ணில் இறங்காதபடி அடியில் தட்டு வைத்து இருக்க வேண்டும். ஜெனரேட்டரும் கீழ்க்காற்றுப் பக்கத்திலேயே இருக்கட்டும். கம்ப்ரசர் மேல்காற்றுப் பக்கத்தில், அதாவது காற்று வரும் பக்கத்தில், இருக்க வேண்டும்.

காரணத்தைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். முக்குளிப்பவரின் சிலிண்டரில் நிரம்புவது, கம்ப்ரசர் எந்த இடத்துக் காற்றை உறிஞ்சுகிறதோ அந்த இடத்துக் காற்றுதான். புகைபோக்கியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு கொஞ்சம் உள்ளே போய்விட்டால், மேற்பரப்பில் தலைவலி தரும் அளவு, 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்காவதால் மூன்று மடங்கு வேகத்தோடு வேலை செய்யும். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. கம்ப்ரசரில் இருக்கும் சாதாரண வடிகட்டி எண்ணெய் மணத்தை நீக்கிவிடும். கார்பன் மோனாக்சைடை நீக்காது. ஆகவே மூக்கு ஒன்றும் எச்சரிக்காது.

நான் வேலை செய்த ஒரு முகாமில் கம்ப்ரசரைச் சரியான இடத்தில்தான் வைத்திருந்தோம், அதாவது காலைக் காற்றுக்குச் சரியான இடத்தில். பிற்பகல் இரண்டு மணிக்குக் காற்று திரும்பியது. நிரப்பிக்கொண்டிருந்த பையன் திரும்பியதைக் கவனிக்கவில்லை. அன்று மாலை நீரிலிருந்து ஏறிய இருவருக்கும் தலை கனத்தது. சிலிண்டர்களைச் சோதித்து, அந்த மதியம் நிரப்பிய அனைத்தையும் திறந்து காலி செய்தோம். மறுநாளிலிருந்து உறிஞ்சுகுழாயை ஒரு மூங்கிலில் கட்டி மூன்று மீட்டர் உயரத்துக்குத் தூக்கினோம். அதன் உச்சியில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டினோம். ரிப்பன் ஜெனரேட்டர் இருக்கும் திசையிலிருந்து பறந்து வந்தால் கம்ப்ரசரை நிறுத்த வேண்டும் என்பது கட்டளை. சிறிய எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கி நிரப்புமிடத்தில் வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் கருவி இருந்தாலும் ரிப்பன் இருக்கட்டும்.

எவ்வளவு காற்று தேவை என்பதைக் கணக்கிடுவது எளிது. 12 லிட்டர் சிலிண்டரை 50 பாரிலிருந்து 200 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நிரப்ப 12 × 150, அதாவது 1,800 லிட்டர் காற்று வேண்டும். எட்டுப் பேர் நாளுக்கு இரண்டு முறை இறங்கினால் 16 சிலிண்டர், 28,800 லிட்டர். நிமிடத்துக்கு 200 லிட்டர் தரும் கம்ப்ரசர் இடைவிடாமல் ஓடினால் 144 நிமிடம். ஆனால் வெப்பமான தீவில் அது இடைவிடாமல் ஓடக் கூடாது. குளிரவும், சேர்ந்த நீரை வடிக்கவும் இடைவெளி விட வேண்டும். நான் கணக்கின் விடையை இரண்டால் பெருக்கிக்கொள்வேன். ஈரப்பதம் மிகுந்த கடற்காற்றில் வடிகட்டிகளின் ஆயுள், தயாரிப்பாளர் கையேட்டில் எழுதியிருப்பதைவிடக் குறையும் என்பதால், ஓடிய மணி நேரத்தைக் கம்ப்ரசர் அருகிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முடிந்தால் இரண்டு சிறிய கம்ப்ரசர்களைக் கொண்டுபோங்கள். ஒரே ஒரு பெரிய கம்ப்ரசர் பழுதானால் அகழாய்வு அன்றே நின்றுவிடும்.

நான்காம் படி: மருத்துவம்

ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடலில் வாயுக் குமிழிகள் உருவாவதால் வரும் அழுத்தநீக்க நோய்க்கு முகாமில் செய்யக்கூடிய முதல் சிகிச்சை தூய ஆக்சிஜன். அதன் அளவையும் கணக்குப் போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று கொடுத்தால் மணிக்கு 900 லிட்டர் ஆகிறது. பீக்கன் தீவிலிருந்து நோயாளியைப் படகில் ஏற்றி, விமான ஓடுபாதை இருக்கும் கிழக்கு வாலபி தீவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அழுத்த அறை (உயர் அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுக்கும் அறை) உள்ள பெர்த் நகர மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க, எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் பல மணி நேரமாகும். ஆறு மணி நேரம் என்று வைத்தால் 5,400 லிட்டர். இங்கே புதியவர்கள் கணக்கை முடித்துவிடுகிறார்கள். முக்குளிப்பவர்கள் இருவர் இருவராகத்தான் இறங்குகிறார்கள். ஒரே ஆழம், ஒரே நேரம், ஒரே வேகத்தில் ஏற்றம். ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வர வாய்ப்பு உண்டு. ஆகவே கையிருப்பு 10,800 லிட்டருக்குக் குறையக் கூடாது.

நோயாளியைத் தூக்கிச் செல்லும் வழியை ஒருமுறையாவது ஒத்திகை பாருங்கள். கூடாரத்திலிருந்து படகுவரை ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடந்தால்தான் எந்த இடத்தில் பாறை வழுக்குகிறது என்பது தெரியும். அழுத்த அறை உள்ள மருத்துவமனையின் எண், முக்குளிப்பு மருத்துவ ஆலோசனை எண், கடலோரக் காவல் எண் மூன்றையும் ரேடியோவுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். முகாம் முடிந்து விமானத்தில் திரும்பும் நாளையும் இதோடு சேர்த்துத் திட்டமிட வேண்டும்: பல நாள் தொடர்ந்து முக்குளித்தவர்கள், கடைசி முறை மேலே வந்தபின் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வழிகாட்டுதல், மேலே வரும்போது நிறுத்தங்கள் செய்யும் அளவுக்கு முக்குளித்தவர்களுக்கு அதைவிடக் கூடுதல் நேரம் தேவை.

ஐந்தாம் படி: தொட்டிகள்

முகாமின் இதயம் இந்த இடந்தான். இதற்கு நிழலும், சமதளமும், நீர் வடிய வழியும் உள்ள மிகச் சிறந்த இடத்தை ஒதுக்குங்கள். சமையல் கூடத்துக்கு அடுத்த சிறந்த இடம் போதும்.

கடலுக்கடியில் நூற்றாண்டுகள் கிடந்த ஒரு பொருள், தன்னைச் சுற்றியுள்ள நீரோடும் மணலோடும் ஒரு சமநிலைக்கு வந்துவிட்டிருக்கிறது. அதை மேலே கொண்டுவரும் கணத்தில் அந்தச் சமநிலை குலைகிறது. ஊறிய மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு முழு மரமாகத் தெரியும். உள்ளே செல்சுவர்களின் வலிமை போய்விட்டது, அவற்றைத் தாங்கி நிற்பது நீர் மட்டுமே. வெயிலில் அரை மணி நேரம் வைத்தால் ஓரம் சுருண்டு வெடிக்கும். அதன்பின் எந்த ஆய்வகத்தாலும் அதைப் பழையபடி ஆக்க முடியாது. பட்டாவியாவின் பின்புற இடப்பக்கத்து மரச்சட்டங்கள் நீரிலிருந்து எடுக்கப்பட்டு, ஈரம் காயாமல் கரை சேர்ந்து, பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற மெழுகுபோன்ற பொருளால் நீண்ட காலம் ஊறவைக்கப்பட்ட பிறகே இன்று ஃப்ரிமேன்டில் அருங்காட்சியகத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. அந்த நீண்ட பாதையின் முதல் சில நாள்கள் உங்கள் கையில்தான் இருக்கின்றன: ஈரச் சாக்கு, அதன்மேல் கறுப்பு பாலித்தீன், அதன்மேல் நிழல். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்பதால்தான் கறுப்பு.

இரும்பு இன்னும் ஏமாற்றும். பவளக் கடலில் கிடந்த இரும்பு, மணலும் சிப்பியும் சுண்ணாம்பும் சேர்ந்த ஓர் உறைக்குள் இருக்கும். தொட்டியில் போடும்போது அது ஒரு கல்லாகத்தான் தெரியும். ஓர் ஓரத்தில் மட்டும் துருவின் ஆரஞ்சு நிறம் கசிந்திருக்கும், விரலால் தடவினால் கறுப்பு மை ஒட்டும். உறையை உடைத்து உள்ளே என்ன என்று பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். உடைக்காதீர்கள். சில சமயம் உள்ளே இரும்பே இருக்காது, முழுவதும் கரைந்து போய் அதன் வடிவம் மட்டும் வெற்றிடமாக எஞ்சியிருக்கும். ஆய்வகத்தில் எக்ஸ்ரே எடுத்து, அந்த வெற்றிடத்தையே அச்சாகப் பயன்படுத்திப் பொருளின் வடிவத்தை மீட்கிறார்கள். ஒரு சுத்தியல் அடியில் அந்த வாய்ப்புப் போய்விடும். இரும்பைக் காரக் கரைசலில் வைக்க வேண்டும். 100 லிட்டர் நன்னீருக்கு 2 கிலோ காஸ்டிக் சோடா என்பது வழக்கமான அளவு. சோடாவை நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நீரைச் சோடாவின் மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, பக்கத்தில் ஒரு வாளி நன்னீர் இல்லாமல் யாரும் அந்தத் தொட்டியின் மூடியைத் திறக்கக் கூடாது.

மண்பாண்டங்களுக்கு எதிரி உப்பு. நுண்துளைகளில் புகுந்த உப்பு, பாண்டம் காயும்போது படிகமாகி, மேற்பூச்சைத் தகடு தகடாகப் பெயர்த்துவிடும். ஆகவே முதலில் கடல்நீரிலும், பிறகு பாதிக்குப் பாதி நன்னீர் கலந்த நீரிலும், அதன்பின் முழு நன்னீரிலுமாகப் படிப்படியாக மாற்றுங்கள். உப்பு போகிறதா என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய சோதனை உண்டு: தொட்டி நீரைச் சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்து, ஓரிரு துளி நைட்ரிக் அமிலமும் பிறகு வெள்ளி நைட்ரேட்டும் விடுங்கள். தொடக்க நாள்களில் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். நீரை மாற்ற மாற்ற அந்த வெளுப்பு மூட்டமாகி, பிறகு மங்கும். மங்குவதைப் பார்க்கும் நாள் எனக்கு எப்போதும் மகிழ்ச்சியான நாள்.

எதை எதோடு சேர்த்து வைக்கக் கூடாது என்பது எதை எதில் வைக்க வேண்டும் என்பதற்குச் சமமாக முக்கியம். வெவ்வேறு உலோகங்களை ஒரே தொட்டியில் தொட்டுக்கொண்டிருக்க விடாதீர்கள். ஒன்று மற்றதை அரிக்கும். ஈயத்தை ஓக் மரப்பெட்டியில் வைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவி அதை வெண்பொடியாக்கிவிடும். தோல், எலும்பு, கயிறு ஆகியவற்றுக்குத் தனித்தனி மூடியுள்ள சிறு டப்பாக்கள் போதும், குளிர்ச்சியான இருட்டில். செம்பு, வெள்ளி, கண்ணாடி விஷயத்தில் முகாமில் இருக்கும் பொருள் பாதுகாப்பு வல்லுநர் சொல்வதை மட்டுமே செய்யுங்கள். அவர் தீவில் இல்லாத நாளில் பொருள் எடுப்பதையே நிறுத்தி வைப்பது என் வழக்கம். அந்த நாள்களை அளவெடுக்கவும் வரையவும் பயன்படுத்தலாம்.

ஆறாம் படி: பெயரும் பதிவும்

எண் இல்லாத பொருளுக்குத் தொல்லியலில் இடமில்லை. நீருக்கடியில் எந்தச் சதுரத்தில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் பாதி மதிப்பு. நான் முதன்முதலாக வேலை செய்த முகாமில், நன்றாக எழுதும் மார்க்கர் பேனாவால் லேபிள் எழுதினோம். காஸ்டிக் சோடாத் தொட்டியில் ஒரு வாரத்தில் எழுத்து முழுவதும் கரைந்துவிட்டது. சில இரும்புக் கட்டிகளுக்கு எண் என்ன என்பதைப் புகைப்படங்களோடு ஒப்பிட்டுத்தான் மீட்டோம். இரண்டுக்கு மீட்கவே முடியவில்லை. பாலியஸ்டர் தாளில் பென்சிலால் எழுதினால் நிற்கும். அழுத்தி எழுத்துப் பதிக்கும் பிளாஸ்டிக் பட்டையும் நிற்கும். ஒரு பொருளுக்கு இரண்டு லேபிள்: ஒன்று பொருளில் கட்டியது, மற்றது தொட்டிக்கு வெளியே.

ஒவ்வொரு மாலையும் அன்றைய பதிவேடு, வரைபடங்கள், புகைப்படங்கள் மூன்றுக்கும் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒரு பிரதி அடுத்த படகில் தீவை விட்டு வெளியேற வேண்டும். கடலோரம் கடலோரந்தான். இலங்கையின் காலி துறைமுகத்தில் 1659இல் மூழ்கிய அவொண்ட்ஸ்டெர் என்ற டச்சுக் கப்பலை அகழ்ந்துகொண்டிருந்த கடலடித் தொல்லியல் பிரிவின் கரை நிலையத்தை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை சிதைத்தது. நீர்மட்டத்துக்கு அருகில் வேலை செய்பவர்கள் அந்த நாளை மனத்தில் வைத்துக்கொண்டே தங்கள் பிரதிகளை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

அளவைப் புள்ளிகளையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். கரையில் அசையாத பாறையில் குறைந்தது மூன்று நிலைப்புள்ளிகளைக் குறித்து, அவற்றிலிருந்துதான் கடலுக்கடியில் உள்ள புள்ளிகளை இணைக்க வேண்டும். மூன்றில் ஒன்று காணாமல் போனாலும் மற்ற இரண்டால் அதை மீட்க முடியும்.

ஏழாம் படி: அன்றாட நடைமுறை

நாளொன்றுக்கு இரண்டு முறை, குறித்த நேரத்தில், மறுகரையோடு ரேடியோவில் பேச வேண்டும்; ஒரு வேளை தவறினால் மறுகரையில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். அவசர அழைப்புக்கான விஎச்எப் ரேடியோ அலைவரிசை 16 எப்போதும் திறந்திருக்கட்டும். காற்று பிற்பகலில் எழும் இடங்களில் முக்குளிப்பைக் காலையில் முடித்துவிட்டு, பிற்பகலைத் தொட்டிக்கும் பதிவுக்கும் ஒதுக்குங்கள். நீரில் இருவர் இருந்தால் கரையில் ஒருவராவது வேறு வேலையில்லாமல் பொருள்களை மட்டும் பார்த்துக்கொள்ள இருக்க வேண்டும். சமையல்காரரை ஆள்கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள்; முக்குளிப்பவர்களே முறைவைத்துச் சமைக்கும் முகாம்களில் மூன்றாவது வாரம் எல்லோரும் களைத்துவிடுகிறார்கள், களைப்பில்தான் தவறுகள் நடக்கின்றன.

துருக்கியின் உளுபுருன் முனையில் வெண்கலக் காலக் கப்பல் ஒன்றை 1984 முதல் 1994 வரை பதினொரு பருவங்களில் அகழ்ந்தவர்கள், பாறைச் சரிவில் மரத்தால் முகாம் கட்டித் தங்கி, மொத்தம் 22,413 முறை கடலில் இறங்கினார்கள். அவ்வளவு நீண்ட வேலையைத் தாங்கியது கரையில் தினந்தோறும் மாறாமல் நடந்த இந்த ஒழுங்குதான் என்று நான் நினைக்கிறேன்.

எட்டாம் படி: பெரிய பொருள்கள்

பீரங்கி, நங்கூரம், செதுக்கிய கல் ஆகியவற்றை எடுக்கும் முடிவை, அவற்றை எங்கே இறக்குவது, எதில் ஏற்றுவது, எந்தத் தொட்டியில் வைப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகே எடுங்கள். பட்டாவியாவிலிருந்து ஒரு கோட்டை வாயிலுக்காகச் செதுக்கப்பட்ட 137 மணற்கற்கள் மீட்கப்பட்டன. ஜாவாவில் கட்டப்பட வேண்டிய வாயில் அது. கப்பலின் அடிப்பாரமாகப் போய்க்கொண்டிருந்தது. கற்களைத் தனித்தனியாகப் பார்த்தால் பாறை. எல்லாவற்றையும் அளந்து, வரைந்து, சேர்த்துப் பார்த்தபோதுதான் வாயில் தெரிந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் கரையில் ஓர் இடமும் ஓர் எண்ணும் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. மிதவைப் பைகளால் தூக்கிய பொருளைக் கரைக்கு மிக அருகில் ஆழம் குறைந்த இடத்தில் மீண்டும் நீருக்குள்ளேயே இறக்கி வைப்பது நல்ல வழக்கம்: தொட்டி தயாராகும்வரை கடலே அதன் தொட்டி.

ஒன்பதாம் படி: முகாமைக் கலைப்பது

கலைப்பதற்குக் குறைந்தது நான்கு நாள் ஒதுக்குங்கள். முதலில் அகழ்குழியை மணல் மூட்டைகளாலும் துணியாலும் மூடிவிட வேண்டும். திறந்து விட்ட குழியில் எஞ்சிய மரத்தைக் கப்பல்புழு அடுத்த பருவத்துக்குள் தின்றுவிடும். பிறகு பொருள்களைப் பொதியுங்கள்: ஈரம் நிறைந்த பஞ்சு மெத்தைத் துண்டுகள், இரட்டைப் பை, கசியாத பெட்டி, பெட்டிக்கு மேல் பொருள்களின் பட்டியல். காரக் கரைசலைப் படகில் கொட்டாமல் கொண்டுபோக முடியாது என்பதால், பயணத்துக்கு மட்டும் இரும்புப் பொருள்களை அந்தக் கரைசலில் நனைத்த துணியால் சுற்றி மூடுவது வழக்கம். பயன்படுத்திய கரைசலைத் தீவில் ஊற்றாதீர்கள். அதுவும் கலனில் திரும்ப வேண்டும்.

பொருள்கள் ஏறும் படகில் வேறு சரக்கு ஏற்றாதீர்கள். பொருள் பாதுகாப்பு வல்லுநர் அந்தப் படகிலேயே, பெட்டிகளோடு போக வேண்டும். மறுகரையில் ஆய்வகத்தின் வண்டி நிற்கிறது என்ற செய்தி ரேடியோவில் வந்த பிறகே நங்கூரத்தை எடுங்கள். கரையில் எஞ்சியிருப்பவர்கள் கயிறு கட்டிய பாதையின் வழியே ஒருமுறை நடந்து, முளை இருந்த ஒவ்வொரு இடத்தையும் பார்த்து, கயிற்றைக் கடைசியாகச் சுருட்டிக்கொண்டு படகேறலாம்.